கயிறு எட்டிய ஆழம்

பசிபிக் பெருங்கடலின் மேற்கே, குவாம் தீவிலிருந்து தென்மேற்காகச் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில், மரியானா அகழியின் தென்கோடியில் சேலஞ்சர் பள்ளம் இருக்கிறது. கடலில் இதுவரை அளந்தறிந்த இடங்களில் இதுவே மிக ஆழமானது. மேற்பரப்பிலிருந்து தரை 10,900 மீட்டருக்கும் சற்றுக் கீழே கிடக்கிறது. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை அழுத்துகிறது. தண்ணீரின் வெப்பநிலை 1 முதல் 2.5 டிகிரி செல்சியஸ் வரை. சூரிய ஒளி ஏறத்தாழ 1,000 மீட்டருக்குள் முற்றிலும் தீர்ந்துவிடுவதால், அதற்குக் கீழே பகலும் பருவமும் இல்லை. ஒளி இல்லாத இடத்தில் தாவரம் இல்லை. எனவே உயிர்கள் தின்பதற்கு எதுவும் மேலிருந்துதான் வந்தாக வேண்டும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் என்ன வாழ முடியும் என்ற கேள்விக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் பல விடைகள் வந்தன. எதுவும் வாழாது என்றார்கள். பிறகு ஏதோ கொஞ்சம் வாழும் என்றார்கள். கடைசியில் எண்ணி முடியாத வகைகள் வாழ்கின்றன என்றார்கள். அந்தந்தக் காலத்தில் கயிற்றின் முனையில் எதைக் கட்டி இறக்கினார்களோ, அதைப் பொறுத்தே விடையும் அமைந்தது. ஆழ்கடலைப் பற்றிய அறிவின் வரலாறு பெருமளவுக்குக் கயிறு, கம்பி, வலைக்கண், சல்லடை ஆகியவற்றின் வரலாறுதான்.

மாலுமிகளுக்கு ஆழம் என்பது கப்பல் தரைதட்டாமல் காக்கும் விவரம். கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி, குண்டு தரையைத் தொட்டதும் கயிறு தளர்வதைக் கையால் உணர்ந்து, எத்தனை பாகம் என்று கணக்கிடுவார்கள். இரு கைகளையும் விரித்த அகலம் ஒரு பாகம். ஆங்கிலேயக் கடற்படைக் கணக்கில் அது ஆறடி, அதாவது 1.83 மீட்டர். நூறு, இருநூறு பாகம் வரை இந்த முறை நம்பகமானது. ஆயிரக்கணக்கான பாகம் கயிறு தொங்கும்போது கயிற்றின் எடையே குண்டின் எடையைவிடக் கூடிவிடும். குண்டு தரையில் நின்ற பிறகும் கயிறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீரோட்டம் அதைப் பக்கவாட்டில் இழுக்கும். 1852இல் தெற்கு அட்லாண்டிக்கில் ‘ஹெரால்ட்’ என்ற ஆங்கிலேயக் கப்பலின் தலைவர் டென்ஹாம் 7,706 பாகம் ஆழம் கண்டதாக எழுதினார். அது 14 கிலோமீட்டருக்கும் மேல். அப்படியோர் ஆழம் உலகில் எங்கும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் இளம் அதிகாரி ஜான் புரூக் 1854 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார். பீரங்கிக் குண்டைத் துளையிட்டு அதன் வழியே ஒரு கம்பியைச் செருகி இறக்கினார். கம்பி தரையில் குத்தியதும் குண்டு தானாகக் கழன்று அங்கேயே விழுந்துவிடும். கம்பியின் நுனியில் ஒட்டிய சிறிதளவு சேற்றோடு கயிறு மேலே வரும். ஆழத்தின் அளவும் அந்தத் தரையின் மண்ணும் ஒருசேரக் கிடைக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அதற்குள் ஒரு கொள்கை வேரூன்றிவிட்டிருந்தது. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலர் 1841இல் ‘பீக்கன்’ என்ற அளவைக் கப்பலில் ஏஜியன் கடலுக்குச் சென்றார். இரும்புச் சட்டத்தில் பை கட்டிய சுரண்டுவலையை நூறு தடவைக்கு மேல் கடலடியில் இழுத்தார். அவர் எட்டிய அதிகபட்ச ஆழம் 230 பாகம். ஆழம் கூடக் கூட உயிர்வகைகள் குறைந்துகொண்டே வந்தன. அந்தச் சரிவை அப்படியே நீட்டிப் பார்த்து, ஏறத்தாழ 300 பாகத்துக்கு, அதாவது 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது என்று முடிவு கட்டினார். உயிரற்ற மண்டலம் என்ற இந்தக் கருத்தில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. ஆனால் உலகக் கடல்களிலேயே உணவு மிகக் குறைந்த நீர்களில் ஒன்று கிழக்கு மத்தியதரைக் கடல். அவருடைய சுரண்டுவலையோ சேற்றில் விரைவில் அடைத்துக்கொள்ளும் வகை. ஓர் ஏழைக் கடலையும் ஒரு மோசமான பையையும் வைத்து உலகக் கடல்கள் அனைத்துக்கும் சட்டம் எழுதப்பட்டது.

இதற்கு எதிரான சான்று முன்பே இருந்தது. 1818இல் பாஃபின் விரிகுடாவில் ஜான் ராஸ் இறக்கிய கயிற்றில், அவர் கணக்குப்படி சுமார் ஆயிரம் பாக ஆழத்திலிருந்து, புழுக்கள் கொண்ட சேறும், கிளைகிளையாகப் பிரிந்த கைகளைக் கொண்ட ஒரு கூடை நட்சத்திரமும் சிக்கி வந்தன. வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லி அதைத் தள்ளிவிட முடிந்தது. நார்வேயில் மைக்கேல் சார்ஸும் அவர் மகன் கேயார்க் சார்ஸும் கரையோர ஆழங்களிலிருந்து நூற்றுக்கணக்கான உயிர்வகைகளை எடுத்துக் காட்டினார்கள். புதைபடிவங்களாக மட்டுமே தெரிந்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த காம்புள்ள கடல் அல்லி ஒன்றும் லோஃபோட்டன் தீவுகளருகே உயிரோடு கிடைத்தது.

விஞ்ஞானிகளைவிட இதில் உறுதியான சாட்சியம் தந்தது தந்தித் தொழில். சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பி அறுந்துபோக, 1860இல் அதைப் பழுதுபார்க்க மேலே இழுத்தார்கள். 2,000 மீட்டருக்கும் கீழே கிடந்த அந்தக் கம்பியின்மேல் பவளங்களும் மெல்லுடலிகளும் ஒட்டி வளர்ந்திருந்தன. அவை வழியில் ஒட்டியவை என்று யாரும் சொல்ல முடியவில்லை. கம்பியின் வளைவுக்கேற்ப அவற்றின் அடிப்பகுதி படிந்து வளர்ந்திருந்தது.

1868இல் ‘லைட்னிங்’, அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் ‘போர்க்குபைன்’ ஆகிய கப்பல்களில் இயற்கையியலர்கள் வைவில் தாம்சனும் வில்லியம் கார்ப்பென்டரும் சென்றனர். 1869இல் பிஸ்கே விரிகுடாவில் 2,435 பாகத்தில், அதாவது நான்கரைக் கிலோமீட்டர் ஆழத்தில் சுரண்டுவலை உயிர்களை அள்ளி வந்தது. ஃபோர்ப்ஸின் எல்லையைப் போல எட்டு மடங்கு ஆழம் அது. உயிரற்ற மண்டலம் அத்துடன் முடிந்தது.

அந்த வெற்றியின் பேரில்தான் ‘சேலஞ்சர்’ என்ற கப்பலின் பயணத்துக்கு ஆங்கிலேய அரசு பணம் தந்தது. அந்தப் போர்க்கப்பலின் 18 பீரங்கிகளில் இரண்டைத் தவிர மற்றவற்றை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆய்வுக்கூடங்களும் கயிறு அடுக்கும் அறைகளும் அமைத்தார்கள். 1872 டிசம்பர் 21 அன்று போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்ட கப்பல் 1876 மே மாதம் திரும்பியது. அதற்குள் ஏறத்தாழ 69,000 கடல்மைல் ஓடி, 362 இடங்களில் நின்று ஆய்வு செய்திருந்தது. தலைமை வைவில் தாம்சன். உடன் ஜான் முர்ரே, ஹென்றி மோஸ்லி, வேதியியலர் ஜான் புக்கானன், பயணத்தின் நடுவில் நோயால் இறந்துபோன இளம் ஜெர்மானியர் வில்லமோஸ்-சூம், ஓவியரும் செயலாளருமான வைல்ட்.

ஆழம் அளப்பதற்கு மெல்லிய பியானோ கம்பி அப்போதே வழக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்தக் கருவியும் கப்பலில் ஏறியது. முதல் சோதனைகளில் அதன் உருளை நசுங்கிவிட, பழைய சணல் கயிற்றுக்கே திரும்பினார்கள். இதனால் ஒரே ஒரு ஆழத்தை அளக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுரண்டுவலையை இறக்கி இழுத்து ஏற்ற ஒரு முழுப் பகல் போய்விடும். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் வலை மேலே வருவதைக் காணக் கப்பலே கூடியது. சில மாதங்களில் கூட்டம் கரைந்து அறிவியலர்கள் மட்டும் எஞ்சினார்கள். மாலுமிகளுக்கு அது நாள் முழுக்கக் கயிறு இழுத்துச் சேறு கழுவும் வேலை. பயணம் முடிவதற்குள் அறுபது பேர் அளவில் துறைமுகங்களில் இறங்கித் தப்பி ஓடிவிட்டார்கள். வரலாற்றில் பெயர் எழுதப்படாத இவர்களின் தோள்வலியில்தான் கடலியல் என்ற துறை நின்றது.

இந்தப் பயணம் தீர்த்துவைத்த ஒரு வேடிக்கையான விவகாரமும் உண்டு. 1857இல் ‘சைக்ளாப்ஸ்’ கப்பல் எடுத்து வந்து சாராயத்தில் பாதுகாத்த அட்லாண்டிக் சேற்றை 1868இல் மீண்டும் ஆராய்ந்த தாமஸ் ஹக்ஸ்லி, அதில் பசைபோன்ற ஒரு பொருளைக் கண்டு, அதைக் கடல்தரை முழுக்கப் படர்ந்த ஆதி உயிர்ப்பொருள் எனக் கருதி, ‘பாதிபியஸ்’ என்று பெயரிட்டார். ‘சேலஞ்சர்’ எங்கு தேடியும் புதிய சேற்றில் அது கிடைக்கவில்லை. சாராயம் ஊற்றி வைத்த சேற்றில் மட்டும் தோன்றியது. கடல்நீரோடு சாராயம் சேரும்போது படியும் கால்சியம் சல்பேட்தான் அது என்று புக்கானன் நிறுவினார். உயிரற்ற மண்டலத்தை நம்பிய நூற்றாண்டே, கடலடி முழுவதும் உயிர்ப்பசை பூசிக் கிடப்பதாகவும் நம்பியது. ஹக்ஸ்லி தயங்காமல் தன் கருத்தைத் திரும்பப் பெற்றார்.

1875 மார்ச் 23 அன்று, குவாம் தீவுக்குத் தென்மேற்கே, 225ஆம் நிலையத்தில் கயிறு வழக்கத்தைவிட மிக நீளமாக ஓடியது. நம்பிக்கை வராமல் கூடுதல் எடை கட்டி மறுபடி அளந்தார்கள். 4,475 பாகம், அதாவது 8,184 மீட்டர். உடன் இறக்கிய வெப்பமானிகளில் சில அழுத்தம் தாளாமல் நொறுங்கின. மேலே வந்த சிறிதளவு சேற்றில், சிலிக்காவால் ஆன நுண்ணிய ரேடியோலேரியாக் கூடுகள் நிறைந்திருந்தன. அகழியின் மிக ஆழமான குழிக்கு அருகில்தான் கப்பல் நின்றிருந்தது என்பது அன்று எவருக்கும் தெரியாது. சுண்ணாம்புக் கூடுகள் அங்கே இல்லாததற்கும் காரணம் உண்டு: ஏறத்தாழ 4,000–5,000 மீட்டருக்குக் கீழே, குளிரும் அழுத்தமும் கரைந்த கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைத்துவிடுகின்றன. மேலே வெள்ளைச் சேறு, கீழே செங்களி என்று கடல்தரையின் மண் நிறம் மாறும் விதியைக் கண்டறிந்தது ‘சேலஞ்சர்’ குழுவே. பயணத்தின் அறிக்கைகள் 1880 தொடங்கி 1895 வரை 50 பெருந்தொகுதிகளாக வந்தன. சுமார் 4,700 உயிர்வகைகள் அறிவியலுக்குப் புதியவை. தாம்சன் 1882இல் இறந்துவிட, பதிப்பு வேலையை முடித்தவர் முர்ரே.

இந்தியக் கடல்களிலும் இதே வேலை, சிறிய அளவில், நடந்தது. பம்பாயில் கட்டி 1881இல் நீரில் இறக்கிய ‘இன்வெஸ்டிகேட்டர்’ அளவைக் கப்பலில் மருத்துவரே இயற்கையியலராகவும் பணிபுரியும் வழக்கம் இருந்தது. அந்தப் பதவியில் 1888 முதல் 1892 வரை இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக், வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் ஆழ்கடல் மீன்களையும் நண்டு, இறால் இனங்களையும் திரட்டினார். பின்னர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்று, அவற்றின் பட்டியல்களை வெளியிட்டார். இந்தியப் பெருங்கடலின் ஆழ்கடல் மீன்கள் குறித்து இன்று யார் எழுதினாலும் அந்தப் பட்டியல்களைத் தொட்டே ஆகவேண்டும்.

மரியானா அகழிக்கு மீண்டும் கம்பி இறங்கியது தந்தியின் பொருட்டு. பசிபிக்கைக் கடக்கும் கம்பிக்குத் தடம் தேடிய அமெரிக்கக் கப்பல் ‘நீரோ’ 1899இல் குவாம் அருகே 5,269 பாகம், 9,636 மீட்டர் என்று அளந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு எதிரொலிமானி வந்தது. ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தைக் கணக்கிட, ஒரு மணி நேர வேலை சில வினாடிகளாகச் சுருங்கியது. 1951இல் அதே ‘சேலஞ்சர்’ பெயரைத் தாங்கிய இன்னொரு ஆங்கிலேயக் கப்பல் இந்த அகழியில் 10,800 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தைக் கண்டது. பள்ளத்துக்கு இன்றுள்ள பெயர் அதனால் நிலைத்தது.

எதிரொலி ஆழத்தைச் சொல்லும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. அதைக் கண்ணால் பார்க்க முயன்ற முதல் ஆட்கள் வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும். பெர்முடா அருகே, ஒன்றரை மீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள எஃகு உருண்டைக்குள் மடங்கி உட்கார்ந்து, கப்பலிலிருந்து ஒற்றைக் கம்பியில் தொங்கியபடி, 1934 ஆகஸ்ட் 15 அன்று 923 மீட்டர் இறங்கினார்கள். குவார்ட்ஸ் சன்னல் வழியே கண்ட ஒளிரும் மீன்களைப் பீபி தொலைபேசியில் வர்ணிக்க, மேலே ஒருவர் எழுதிக்கொண்டார். அவர் விவரித்த சில மீன்களை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அந்தச் சில இனங்களை இன்று அறிவியல் ஏற்பதில்லை.

பேராழத்தின் உயிர்களை ஐயத்துக்கு இடமில்லாமல் மேலே கொண்டுவந்தது டென்மார்க்கின் ‘கலாத்தியா’. 1950 முதல் 1952 வரை உலகைச் சுற்றிய அந்தப் பயணத்தின் தலைவர் ஆன்டன் புரூன். கப்பலில் 12 கிலோமீட்டர் எஃகுக் கம்பி சுற்றிய பெரிய உருளை ஒன்று இருந்தது. இவ்வளவு நீளக் கம்பி தன் எடையாலேயே அறுந்துவிடும் என்பதால், மேலே தடிப்பாகவும் கீழே போகப் போக மெலிந்தும் அதைச் செய்திருந்தார்கள். 1951 ஜூலை 22 அன்று, பிலிப்பைன்ஸ் அகழியில் 10,190 மீட்டர் ஆழத்தில் வலை இழுபட்டது. இறக்கி இழுத்து ஏற்றும் மணிக்கணக்கான நேரத்தில் வலை தரையைத் தொட்டதா என்பதே உறுதியில்லை. மேலே வந்தபோது வலையில் கூழாங்கற்கள் இருந்தன; ஒரு கல்லின்மேல் வெண்ணிறக் கடற்சாமந்திகள் ஒட்டியிருந்தன. கூடவே கடலட்டைகள், மட்டிகள், புழு, இறால் போன்ற ஆம்பிபாட். கல்லோடு ஒட்டிய உயிர் நடுநீரில் வலைக்குள் வந்திருக்க வழியில்லை.

அதே கப்பலில் இருந்த கிளாட் சோபெல், பத்தாயிரம் மீட்டருக்குக் கீழிருந்து வந்த சேற்றிலிருந்து பாக்டீரியாக்களை வளர்த்தார். கடல்மட்ட அழுத்தத்தில் சோர்ந்து கிடந்த சில, ஆயிரம் மடங்கு அழுத்தத்தில் வைத்ததும் பெருகின. ஆழ்கடல் உயிர்கள் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு இருப்பவை என்ற எண்ணத்தை இது புரட்டியது. அவற்றுள் சிலவற்றுக்கு அழுத்தம் இல்லாவிட்டால்தான் வாழ்க்கை நடக்காது. 6,000 மீட்டருக்குக் கீழே உள்ள அகழிகளின் உயிர்க்கூட்டம் மேலே உள்ளவற்றிலிருந்து வேறானது என்று கண்ட புரூன், கிரேக்கப் பாதாளத்தின் பெயரால் அதை ‘ஹேடல்’ மண்டலம் என்றார். அதே பத்தாண்டில் சோவியத் கப்பல் ‘வித்யாஸ்’ பசிபிக் அகழிகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, அந்த மண்டலத்தின் உயிர்ப்பட்டியலில் பெரும்பகுதியைச் சேர்த்தது. மேற்குலக நூல்கள் அதற்கு உரிய இடம் தருவதில்லை.

மனிதர் நேரில் போனது 1960 ஜனவரி 23 அன்று. சுவிஸ் இயற்பியலர் ஓகூஸ்ட் பிக்கார் வடிவமைத்து, அமெரிக்கக் கடற்படை வாங்கிய ‘டிரியஸ்ட்’டில் அவர் மகன் ஜாக் பிக்காரும் கடற்படை அதிகாரி டான் வால்ஷும் ஏறினார்கள். தண்ணீரைவிட இலேசான பெட்ரோல் நிறைந்த பெரிய மிதவை, அதன் அடியில் தொங்கும் 12.7 சென்டிமீட்டர் தடிப்புள்ள எஃகு உருண்டை, பாரமாக இரும்புக் குருணை: இவ்வளவுதான் கலம். இறங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. 9,000 மீட்டரைக் கடந்தபின் ஒரு சன்னல் பலகை வெடித்த சத்தம் கேட்டது, இறங்குவதை நிறுத்தவில்லை. தரையில் இருந்தது 20 நிமிடம். கிளம்பிய சேற்றுப்புழுதியில் படம் எதுவும் எடுக்க இயலவில்லை.

தரையில் தட்டையான மீன் ஒன்றைக் கண்டதாகப் பிக்கார் சொன்னார். உலகின் அடியிலும் மீன் உண்டு என்று பல பாடநூல்கள் இதை வைத்தே எழுதின. அது கடலட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது இன்றைய கருத்து. காரணம் வேதியியல். ஆழத்தின் அழுத்தம் புரதங்களின் வடிவத்தைக் குலைக்கும். மீன்கள் அதைச் சரிக்கட்ட டிஎம்ஏஓ என்ற பொருளை உடலில் சேர்க்கின்றன. ஆழம் கூடக் கூட அதன் அளவும் கூடி, ஏறத்தாழ 8,200 மீட்டரில் மீனின் உடல்நீர் கடல்நீருக்குச் சமமான செறிவை எட்டிவிடும். அதற்குமேல் சேர்த்தால் கடல்நீர் உடலுக்குள் புகத் தொடங்கும். 2014இல் வெளியான இந்தக் கணக்கைப் பிந்தைய பதிவுகள் பொய்யாக்கவில்லை. இதுவரை படமெடுத்தவற்றுள் மிக ஆழத்து மீன், 2022இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஓகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் கண்ட நத்தைமீன். மரியானா அகழியின் நத்தைமீனுக்கு 2017இல் அறிவியல் பெயர் வைத்தவர்கள், பழைய ‘சேலஞ்சர்’ கப்பலின் இளம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்வயரின் பெயரைச் சூட்டினார்கள்.

ஆழ்கடல் ஏழ்மையானது என்ற எண்ணம் இன்னும் பாக்கி இருந்தது. அதைக் குலைத்தது சல்லடை. 1960களில் வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் ஹோவர்ட் சாண்டர்ஸும் ராபர்ட் ஹெஸ்லரும் சேற்றை முன்பைவிட நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் கழுவினார்கள். பழைய வலைகளின் கண் வழியே ஒழுகிப்போன சிறு புழுக்களும் மட்டிகளும் ஓட்டுடலிகளும் குவிந்தன. 1992இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் மொத்தம் 21 சதுர மீட்டர் பரப்பு கடலடிச் சேற்றில் 798 உயிர்வகைகளைக் கணக்கிட்டது. பாதிக்கு மேல் புதியவை. எண்ணிக்கையில் குறைவாகவும் வகையில் மிகுதியாகவும் இருக்கும் இந்த வாழ்க்கை எப்படி நிலைக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் விவாதம் தீரவில்லை.

அங்கே எல்லாம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதும் ஒரு விபத்தால் தெரிந்தது. 1968 அக்டோபரில் ‘ஆல்வின்’ என்ற ஆய்வு நீர்மூழ்கியைத் தாங்கிய கம்பி அறுந்து, அது மூடி திறந்தபடியே 1,540 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளிருந்த மூவர் தப்பினர். அடுத்த ஆண்டு தூக்கியபோது, அவர்கள் விட்டுப்போன ஆப்பிளும் இறைச்சி வைத்த ரொட்டியும் நனைந்திருந்தனவே தவிரக் கெடவில்லை. குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் எவ்வளவு மந்தமாக வேலை செய்கின்றன என்று ஹோல்கர் யானாஷ் பல ஆண்டுகள் ஆராய இதுவே தூண்டுதல் ஆனது.

அதே ‘ஆல்வின்’ 1977 பிப்ரவரியில் கலாபகஸ் பிளவில் 2,500 மீட்டர் இறங்கியது. போனவர்கள் நிலவியலர்கள். கடல்தரை விரியும் இடங்களில் வெந்நீர் கசிய வேண்டும் என்ற கணிப்பைச் சரிபார்ப்பதே நோக்கம். குழுவில் ஓர் உயிரியலர்கூட இல்லை. முன்னதாகக் கயிற்றில் இழுத்த கேமரா எடுத்த 3,000 படங்களில், வெப்பமானி துள்ளிய இடத்தில் மட்டும் சில படங்களில் வெண்மட்டிகள் கும்பலாகத் தெரிந்தன. அங்கே இறங்கியவர்கள் கண்டது கை அகல மட்டிகளும் நண்டுகளும் சிவந்த நுனி கொண்ட நீள்குழாய்ப் புழுக்களும் நெருங்கிய ஒரு குடியிருப்பு. மேலே கொண்டுவந்த நீரைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. மாதிரிகளைப் பாதுகாக்கப் போதிய மருந்து இல்லாமல், பனாமாவில் வாங்கிய வோட்காவில் சிலவற்றைப் போட்டு வைத்தார்கள். 1979இல் மெக்சிகோவுக்கு அப்பால் கரும்புகைபோலக் கனிமம் கக்கும் கூண்டுகள் கிடைத்தன. அங்கே நீட்டிய வெப்பமானியின் பிளாஸ்டிக் உருகியது. நீரின் வெப்பம் 350 டிகிரிக்கு மேல். அந்த அழுத்தத்தில் அது கொதிப்பதில்லை.

ஆளுயரம் வளரும் அந்தக் குழாய்ப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் பஞ்சுபோன்ற ஓர் உறுப்பில் கந்தகப் படிகங்கள் இருப்பதை ஒரு சொற்பொழிவில் கேட்ட மாணவி காலீன் கேவனா, அந்த உறுப்பு நிறைய ஹைட்ரஜன் சல்ஃபைடை எரித்து உணவாக்கும் பாக்டீரியாக்கள் இருக்கும் என்று ஊகித்தார். 1981இல் அதைச் சான்றுகளுடன் வெளியிட்டார். புழு தன் சிவப்பு இரத்தத்தில் ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் சேர்த்துச் சுமந்து அவற்றுக்கு ஊட்டுகிறது. அவை புழுவுக்குச் சோறு போடுகின்றன. எல்லா உணவும் சூரியனிலிருந்தே தொடங்கும் என்ற பள்ளிப்பாடத்துக்கு அன்றோடு ஒரு விலக்கு சேர்ந்தது. பிறகு இதே வகை வாழ்க்கை மீத்தேன் கசியும் குளிர்ந்த இடங்களிலும், கடலடியில் விழுந்த திமிங்கில எலும்புகளிலும் தென்பட்டது. சீனாவின் ‘ஃபென்டோஜெ’ கலம் குரில்-கம்சட்கா, அலூஷியன் அகழிகளில் 9,533 மீட்டர் வரை இத்தகைய புழுக்களும் மட்டிகளும் வாழ்வதாக 2025இல் அறிவித்தது.

சேலஞ்சர் பள்ளத்துக்கு மனிதர் திரும்ப ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஜப்பானின் ஆளில்லாக் கலம் ‘காய்கோ’ 1995இல் 10,911 மீட்டர் எட்டியது. அது எடுத்த சேற்றில் சுண்ணாம்புக் கூடு இல்லாத, மென்தோல் போர்த்த ஃபோராமினிஃபெரா உயிர்கள் இருந்தன. 2012இல் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் தனியாக இறங்கினார். அகழியின் அடி பாலைவனம் அல்ல என்பது 2013இல் எண்களில் உறுதிப்பட்டது: அருகில் 6,000 மீட்டரில் உள்ள சமவெளியைவிட அகழிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதிக ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. சரிவான பக்கங்களும் நிலநடுக்கங்களும் சுற்றுப்புறத்து உணவுத்துகளை எல்லாம் அடிக்குத் தள்ளிவிடுகின்றன. அங்கு மொய்க்கும் ஆம்பிபாட்களுள் ஓர் இனத்தின் குடலில், மூழ்கி வந்த மரத்துண்டைக்கூடச் சர்க்கரையாக்கும் நொதிகள் உள்ளன.

உணவைத் திரட்டும் அதே சரிவு நஞ்சையும் திரட்டுகிறது. மரியானா அகழியின் ஆம்பிபாட்களில், பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடைசெய்யப்பட்ட பிசிபி வேதிப்பொருள்கள் மிகுந்திருப்பதை ஆலன் ஜேமிசன் குழு 2017இல் வெளியிட்டது. சீனாவில் மாசுபட்ட லியாவ் ஆற்று நீர் பாயும் நெல்வயல் நண்டுகளில் உள்ளதைவிட 50 மடங்கு அதிகம். 2020இல் விவரித்த இன்னொரு ஆம்பிபாட் இனத்துக்குப் பெயரே ‘பிளாஸ்டிகஸ்’. அதன் குடலில் பிளாஸ்டிக் இழை கிடைத்தது.

‘சேலஞ்சர்’ 1873இல் கேனரி தீவுகள் அருகே வாரியெடுத்த கரிய மாங்கனீசு உருண்டைகளை அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் அவற்றில் நிக்கலும் செம்பும் கோபால்ட்டும் இருப்பதால், கடந்த அறுபது ஆண்டுகளாக ஆழ்கடல் ஆய்வுக்குப் பணம் வருவதில் பெரும்பங்கு அவற்றைச் சார்ந்தது. இந்தியாவின் ‘கவேஷணி’ கப்பல் 1981இல் முதல் உருண்டைகளை எடுத்தது; 1987இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் இந்தியாவுக்கு ஆய்வுப் பகுதி ஒதுக்கப்பட்டது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கான கருவிகளைச் செய்கிறது. அதன் சுரங்க ஊர்தி 2021இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டரில் தரையில் ஓடிப் பார்த்தது. மூவர் 6,000 மீட்டர் இறங்குவதற்கான ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியின் ஆரம்பச் சோதனைகள் 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நடந்தன.

அந்த உருண்டைகள் வெறும் தாது அல்ல. மென்சேற்றில் கடினமான இடம் தேடும் கடற்பஞ்சுகளும் சாமந்திகளும் அவற்றின்மேல்தான் ஒட்டுகின்றன. பெருவுக்கு அப்பால் 4,000 மீட்டருக்குக் கீழே ஒருவகை வெண்ணிற ஆக்டோபஸ், உருண்டையில் முளைத்து இறந்த கடற்பஞ்சின் காம்பில் முட்டையிட்டு அடைகாப்பது 2016இல் தெரியவந்தது. அதே வட்டாரத்தில் ஜெர்மன் ஆய்வாளர்கள் 1989இல் சுரங்கத்தின் விளைவை அறியக் கடலடியை உழுதுவிட்டு, 2015இல் திரும்பிப் பார்த்தபோது ஏர்த்தடங்கள் அப்படியே இருந்தன. தடத்தில் நுண்ணுயிர்களின் செயல்பாடும் குறைந்தே இருந்தது. மெக்சிகோவுக்கும் ஹவாய்க்கும் இடைப்பட்ட, உருண்டைகள் மிகுந்த கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் கணக்கிட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்வகைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்கு இன்னும் அறிவியல் பெயர் இல்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1994 முதல் இயங்கும் சர்வதேசக் கடலடி ஆணையம் அங்கே தேடிப் பார்க்கும் உரிமங்களை வழங்கியிருக்கிறது. வெட்டி எடுப்பதற்கான விதிகள் 2025ஆம் ஆண்டுக் கூட்டத்திலும் முடிவாகவில்லை.